அக்காவின் ரயில் எங்கள் ஊரில் நின்றது

கொரோனா ஓய்ந்து ரயில்கள் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த நேரம். கார்த்திகை மாதத்து மழை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் பவர்லூம் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். கரண்ட் போய், தறி நின்று, சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், எங்க ரயிலு நம்ம ஊரு வழியா வருதுடா!"

அக்கா வாழ்க்கைப்பட்டது விஜயவாடாவில். இதயத்தில் வால்வு பழுது என்று சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க மாமாவோடு கிளம்பியிருந்தாள். அந்த வண்டி எப்போதும் கூடூர், நாயுடுபேட்டை என்று நேராகப் போய்விடும். எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அன்றைக்கு நாயுடுபேட்டை பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துவிட்டதால், வண்டிகளைக் கூடூரிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி என்று சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிக்குமோ நிக்காதோ, எதுக்கும் களி கிண்டி எடுத்துகினு வா. நேத்துலருந்து பிஸ்கட்டைத்தான் துன்னுகினு கீறோம்" என்றாள்.

அம்மா போனதிலிருந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் தம்பிதான் நேரில் போய் அழைத்துவர வேண்டும். நானோ ஒவ்வொரு பொங்கலுக்கும் போனிலேயே அழைத்து முடித்துவிடுவேன். அவளும் விடமாட்டாள். "போன்ல கூப்டா போன்லதான் வருவேன்" என்று சிரிப்பாள். தறியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்வர வேண்டுமே என்று நானும் சிரித்தே மழுப்பிவிடுவேன்.

என் மனைவி அவசர அவசரமாகக் களி கிண்டி, வேர்க்கடலைத் துவையல் அரைத்துக் கொடுத்தாள். டிபன் கேரியரோடு ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் வரிசையாக வண்டிகள் நிற்பதால் இதற்கு இன்னும் சிக்னல் கிடைக்கவில்லையாம். பிளாட்பாரம் முழுக்க ஜனம். எங்கள் ஊர்க்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பால் காய்ச்சிக் குழந்தைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பெட்டியின் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது, வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. "என்னடா, நான் வரணும்னா வெள்ளமே வரணுமா?" என்றாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து களியைத் துவையலில் தொட்டு விழுங்கினாள். பக்கத்தில் நின்று பார்த்த ஒரு தெலுங்கு அம்மாளுக்கும் ஓர் உருண்டை கொடுத்தாள்.

கை கழுவிவிட்டு வந்தவள் திடீரென்று சொன்னாள்.

"நான் இங்கியே எறங்கிக்கறேன்டா. ரெண்டு நாளு நம்ம வூட்ல படுத்து எழுந்துட்டு அப்பால போறேன். வாசல் வரைக்கும் வந்துட்டு எப்படிடா போறது?"

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நடக்கும் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் டாக்டர். ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்த அப்பாயின்ட்மென்ட். விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ? இந்த மழையில் பஸ் ஓடுமா? எங்கள் வீட்டில் ராத்திரி மூச்சுத் திணறினால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? எனக்குப் பயமாக இருந்தது.

"மொதல்ல டாக்டரைப் பாருக்கா. திரும்பி வரும்போது நானே வந்து கூட்டினு வரேன். போன்ல இல்ல, நேர்ல."

பையை நானே தூக்கிக்கொண்டு போய் அவளுடைய சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். அவள் காலி டிபன் கேரியரை மூடி என் கையில் கொடுத்தாள். அப்புறம், "சரே, உன் இஷ்டம்" என்று ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது வாசலில் நின்று, "வருவ இல்ல?" என்று கத்தினாள். கையை ஆட்டினேன். மழையில் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

மறுநாள் மத்தியானம் மாமா போன் பண்ணினார். சென்னையிலும் தண்ணீர். டாக்டரால் வர முடியவில்லை, பார்க்க வேண்டியவர்களையெல்லாம் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு நாளையும் அக்கா ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லாட்ஜ் ரூமில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழித்தாளாம். எங்கள் வீட்டில் படுத்து எழுந்து போயிருக்க வேண்டிய அதே இரண்டு நாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் ஐ.சி.யு.வை விட்டு அக்கா உயிரோடு வெளியே வரவில்லை.

சொன்னபடி நேரில்தான் போனேன். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விஜயவாடாவுக்குப் போனேன். அந்த ரோடு நகரி வழியாக வராது. நாயுடுபேட்டை தாண்டும்போது தண்ணீர் வடிந்திருந்தது. ரோட்டை ஒட்டி ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் நேர்வழியில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

நீ செய்தது சரிதான் என்று மாமா உட்பட எல்லோரும் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பினால், வாசல் வரை என் மனைவிதான் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதைத் தொட என் கை எழுவதே இல்லை.