பூக்கைக்காரரின் மரமணிகள்

ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே ஒரு கண்டக்டருக்கு மீசை ஒதுக்கிவிட்டவர் பூக்கைக்காரர் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவரிடம் சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் தூங்கிப்போய், வேலை முடிந்து எழுப்பினால், "எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்பார்களாம். எல்லாம் உண்மையா என்றால், பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவை. கத்தி பட்டதே தெரியாத கை என்பதால் அந்தப் பெயர். அந்தக் கைதான், தலை நரைத்துப் பேரும் புகழும் சேர்ந்த பிறகு, நடுங்க ஆரம்பித்தது.

முதலில் டீ தளும்பியது. பிறகு ஒரு வாடிக்கைக்காரரின் காது மடலில் கீறல் விழுந்தது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அடுத்த முறை வந்தபோது பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சலூன் முதலாளி நல்ல மனிதர். ஜன்னலோரமிருந்த பூக்கைக்காரரின் நாற்காலிமேல் ஒரு துண்டைப் போர்த்தி, "கை நின்னதும் வாங்க. பண்டிகை விடுமுறை முடியறவரைக்கும் இதுல வேற ஆளை நிறுத்த மாட்டேன்" என்றார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நின்றுவிடும் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தவரை மனைவி விரட்டினாள். "அது என்ன டிவியா? என் தம்பி பட்டறைக்காவது போய்ட்டு வாங்க, போங்க."

அந்தத் தம்பி கட்டில் கால் கடைகிறவன். விடுமுறைக் காலம் நெருங்கினால் கட்டில் கால்களை ஓரங்கட்டிவிட்டு, ஜன்னலில் தொங்கவிடும் மரமணிகளும் உருண்டைகளும் கடைவான். இயந்திரம் நின்றாலும் வாய் நிற்காத பிறவி.

"வாங்க மாமா. இதுவும் முடிவெட்டற மாதிரிதான். என்ன, அதிகமா வெட்டிட்டா திரும்ப முளைக்காது."

சுழலும் கட்டைக்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டை இருந்தது. தாங்கி என்றான் அதை. உளியை அதன்மேல் அழுத்தி வைக்க வேண்டும். பிடியை இடுப்போடு ஒட்ட வேண்டும். கையை மறந்துவிட்டு உடம்பை நகர்த்த வேண்டும். பூக்கைக்காரர் உளியைத் தாங்கியில் வைக்காமல், கத்தியைப் போலக் காற்றிலேயே பிடித்து நீட்டினார். கட்டை எகிறிக் கூரையில் மோதி விழுந்தது.

"கூரைக்கு யாரு மாமா சவரம் பண்ணச் சொன்னா?"

மெல்ல மெல்லப் படிந்தது. கட்டை உருண்டது, இடை சிறுத்தது, வாய் விரிந்தது, மணி வந்தது. இயந்திரத்தை நிறுத்தியதும், வாடிக்கைக்காரர்கள் கூச்சத்தில் நெளிய நெளிய அவர்கள் கழுத்தை ஊதிய பழக்கதோஷத்தில், மணியின் கழுத்தையும் ஊதிவிட்டுத் தூள் தட்டுவார். கீழே விழுந்த சீவலைச் சலூனில் கூட்டுவதுபோலவே ஓரத்துக்குக் கூட்டுவார். ஆனால் ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை: உளி பிடித்த கை நடுங்கவில்லை! தொலைந்துபோன பிள்ளை வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்த்தார். வீட்டில் டீ இன்னும் தளும்பத்தான் செய்தது. அதற்கு டம்ளரைக் குறை சொன்னார். ஆசை வந்தால் மனுஷனுக்குத்தான் எத்தனை சாக்கு!

விடுமுறைக்கு முந்தின நாள் காலை, பட்டறையில் தன் பையிலிருந்து சோப்பையும் சவரக்கத்தியையும் எடுத்து வைத்தார்.

"உட்காரு மாப்ள. முள்ளுமுள்ளா தாடியோட விடுமுறைக்கு நிக்காதே."

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சினன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். சோப்பு நன்றாக நுரைத்தது. அதற்கு நடுக்கம் உதவிதான் செய்தது. பூக்கைக்காரர் கத்தியை விரித்தார். கத்தியில் பட்ட வெயில் எதிர்ச் சுவரில் பூச்சியாகத் துடித்தது. முழங்கையை விலாவோடு ஒட்டினார். மூச்சை அடக்கினார். மணிகளை நினைத்துக்கொண்டார். சுவரில் பூச்சி நிற்கவேயில்லை.

மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கழுத்தை மட்டும் பின்னுக்கு இழுக்கவில்லை. வெட்டுப்பட்டாலும் சரி என்று உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறக்காமலே தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து அவர் மணிக்கட்டுக்கு அடியில் தாங்கியாக வைத்தான்.

பூக்கைக்காரர் கையை உருவிக்கொண்டார்.

"வேணாம்ப்பா. ரெண்டு பேர் சேர்ந்து பண்றதுக்குப் பேரு சவரம் இல்ல."

"மாமா, மணி பிரமாதமா வருதே. என்னைவிட..."

"நின்னது இந்தக் கை இல்ல மாப்ள, அந்த இரும்பு. இத்தனை நாளும் அதுதான் நின்னுக்கிட்டிருந்திருக்கு. நான்தான் என் கைன்னு நினைச்சுட்டேன்."

கத்தியை மடித்து மச்சினன் கையில் வைத்தார். "முகத்தை நீயே முடிச்சுக்கோ. சலூன் பக்கம் போய் முதலாளிகிட்ட சொல்லிடு, அந்தத் துண்டை எடுத்துடச் சொல்லி."

மச்சினன் கத்தியோடு எழுந்தான். முகத்து நுரை காய்ந்து இழுக்க, அப்படியே வெளியே போனான்.

பூக்கைக்காரர் இயந்திரத்தைப் போட்டார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உளி தாங்கியில் உட்கார்ந்தது. மணி ஒரு குறையும் இல்லாமல் வந்தது. நிறுத்திவிட்டு, குனிந்து, அதன் கழுத்தை ஊதினார். கூச்சத்தில் தோளைக் குலுக்கிச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.