மீனில்லாத கூழ்

ஊர் ஊராகப் பிறர் வீட்டில் சாப்பிட்டே திரிந்தவன் நான். மன்னார் தாழ்வுபாட்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்ததும், ஒருநாளாவது நண்பர்களைக் கூப்பிட்டு நானே சாப்பாடு கொடுக்க நினைத்தேன். கையில் இருந்த காசுக்கு, கூழ் காய்ச்சப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மரவள்ளிக்கிழங்கும்தான் வாங்க முடிந்தது. கூழுக்கு மீன் கொண்டுவருவதாகச் சொன்ன நண்பர்கள் மூவரும் கடல்தொழிலாளிகள். அன்று கடும் காற்று. ஒரு படகும் இறங்கவில்லை. பொழுதுபட, வெறுங்கையோடு வந்து நின்றார்கள்.

“மன்னாரில இருந்துகொண்டு மீனில்லாத கூழோ மச்சான்?” என்றான் ஒருவன்.

“உன்ர சேட்டில அடிக்கிற மீன் மணமே கூழுக்குக் காணும், குந்தடா,” என்றான் மற்றவன்.

புளியும் மிளகாயும் கூட்டிப் போட்டுக் காய்ச்சினேன். பானை காலியான பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. பகல் முழுக்கக் கூலிக்குக் கல் சுமந்த என் முதுகு நொந்தது. போங்கடா என்று சொல்ல மனம் வராமல், தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.