டர்போ வண்டிக்கு வாக்கப்பட்டவர்கள்

மற்ற தொழில்களில் சரக்கு கெட்டுப்போனால் வாங்கினவர் சண்டைக்கு வருவார். கார் ரிப்பேர் தொழிலில் மட்டும்தான் அவர் கெட்டுப்போன சரக்கைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

பாளையங்கோட்டையில் என் மூத்த மகன் சுப்பையா கார் ஷெட் வைத்திருந்தான். பிள்ளைகள் எல்லாரும் ஆளாகிவிட்டபடியால், காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு ஷெட்டின் முன்னறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். போனை எடுக்க வேண்டும், வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், ‘வண்டி இன்னும் ஆகலை’ என்பதை மனம் நோகாமல் சொல்ல வேண்டும். இதுதான் என் உத்தியோகம். எட்டாங் கிளாஸ் படிப்புக்கு இது போதும். தொண்ணூறுகளில் அங்கே வந்து போன ஒரு சிவப்புக் காரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது கடைசியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நடுரோட்டு வெயிலில் இறக்கிவிட்டது. வண்டிப் பைத்தியம் பிடித்த ஆண்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆறுதல் வேண்டுமானால் இருக்கலாம்.

மறுசோறு

வண்டியை முதலில் கொண்டுவந்தவர் மேலப்பாளையம் காதர் பாய். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர், கூடவே கப்பலில் இந்த ஜப்பான் வண்டியையும் இறக்கினார். பெட்ரோல் வண்டிதான், ஆனால் பின்னால் வெள்ளி எழுத்தில் ‘டர்போ’ என்று போட்டிருந்தது. அது என்னவென்று சுப்பையாவிடம் கேட்டேன். இன்ஜின் விடும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுமாம், அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து மறுபடியும் இன்ஜினுக்குள்ளே திணிக்குமாம். போதும் போதும் என்று கையை மறித்தாலும் மாப்பிள்ளைக்கு மறுசோறு போடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அப்படித் தின்றால் வயிறு என்னத்துக்காகும் என்று அப்போதே தோன்றியது.

எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. போனில் யாரோ கேட்டபோது, “தர்பார் வண்டி உள்ள நிக்கி” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற காதர் பாய் கோபப்படவில்லை. முகமெல்லாம் பூரித்துச் சொன்னார்: “அப்படியே கூப்பிடுங்கக்கா. மிதிச்சா தர்பாருக்கு ராசா போற மாதிரிதான் போகுது.”

புன்னக்காயல் மீன்

ராசா அடிக்கடி வழியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் புன்னக்காயலுக்குப் போய் படகிலிருந்து இறங்கிய மீனை அப்படியே வாங்கி, ஐஸ் வைக்காமலே வீடு கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று மச்சானிடம் சவால் விட்டிருக்கிறார். டர்போ போகும் வேகத்துக்கு ஐஸ் எதற்கு? வரும் வழியில் ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றுவிட்டது. மீனை டிக்கியில் போட்டுவிட்டு மனுஷர் பஸ் ஏறி எங்கள் ஷெட்டுக்கு வந்தார். சுப்பையா போய்ச் சேருவதற்குள் மீன் இருக்கும் இடத்தை மூக்கே காட்டிக் கொடுத்துவிட்டது.

வண்டி இப்படி வழியில் விட்டுவிடுகிறதே பாய், யாருக்காவது விற்றுவிடக் கூடாதா என்று பைய கேட்டேன். பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவர் முகம் வாடிவிட்டது. “அது என்னைய ஒரு நாளும் வழியில விட்டதில்லக்கா. நாந்தான் அதை விட்டுட்டு பஸ்ல வந்துருக்கேன்.”

வாசனை

ஆனாலும் பாய் வீட்டம்மா ஒரே பிடியாக நின்றதில் வண்டி கை மாறியது. வாங்கியவர் வக்கீல் சங்கரலிங்கம் பிள்ளை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவக் குடும்பம். அவருக்கு ஒரே மகள், கல்யாணி. ஆழ்வார்குறிச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அப்போது மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் பிள்ளையை இந்த வண்டியில்தான் பேறுகாலத்துக்கு அழைத்து வருவேன் என்று வாங்கின அன்றே சொல்லிவிட்டார். அவர் வீட்டம்மா பகவதி, அதில் ஏறினால் நான் மனுஷியில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள்.

காரணம் அந்த மீன். டிக்கியை எத்தனை முறை கழுவியும் வெயில் ஏறினால் நாற்றமும் ஏறும். வக்கீலய்யா மீனை மோந்தே அறியாதவர். பகவதிக்கு அடுத்த வீட்டு அடுப்படி வழியாகப் பழக்கம். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னறையில் நிற்க, அவர் டிக்கியைத் திறந்து ஆழமாக ஒரு மூச்சை இழுத்து விளக்கம் சொன்னார்: “இது ஜப்பான் ஆயில் வாசனை. நம்ம ஊரு வண்டில இது வராது.”

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதர் பாயும் அங்கேதான் நின்றார். கட்டிக் கொடுத்த பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக வாராவாரம் வருவது போல வருவார். அவருக்கும் வாய் வரவில்லை.

விசில்

டர்போ வண்டி மிதித்தால் மெலிசாக ஒரு விசில் கொடுக்கும். வக்கீலய்யாவுக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர். வாங்கிச் சில மாதத்தில் விசில் பெரிசாகி, முருகன்குறிச்சியில் வரும்போதே எங்கள் ஷெட்டுக்குக் கேட்க ஆரம்பித்தது. மனுஷர் தரையில் நிற்கவில்லை. வண்டி வயசுக்கு வந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார்.

சுப்பையா குனிந்து பார்த்துவிட்டு, காற்றுப் போகிற குழாய் கிழிந்திருக்கிறது என்றான். பாதிக் காற்று வெளியே ஒழுகுவதால்தான் இந்தச் சத்தம், அதை ஈடுகட்டச் சக்கரம் கன்னாபின்னாவென்று சுற்றுகிறது, இப்படியே ஓட்டினால் சக்கரம் ஒரு நாள் பொடிப்பொடியாகும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றும் எண்ணம் இருந்தால் இன்றே மாற்றிவிடுவோம் என்றான். மாற்றினால் சத்தம் குறையுமா என்று வக்கீலய்யா கேட்டார். குறையும் என்றான். கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரனைப் பார்ப்பது போல என் மகனைப் பார்த்தார். “அந்தச் சத்தத்த மட்டும் விட்டுட்டு மத்தது எதுன்னாலும் சரி பண்ணு.”

சின்ன மந்திரம்

இந்த வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. அந்த டர்போச் சக்கரத்தின் சூடு ஆற ரெண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும். சுப்பையா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். இறக்கத்திலேயே இன்ஜினை அணைத்து பெட்ரோல் மிச்சம் பிடித்த ஊரில், நின்ற வண்டியை ஓடவிடு என்றால் யாருக்குக் கை வரும்?

எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். நின்றதும் கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, நெல்லையப்பர் கோயில் காந்திமதித் தாயை நினைத்து ஒரு பாட்டைச் சொல்லுங்கள், முடிந்ததும் அணையுங்கள். வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வக்கீலய்யா பக்தியோடு கேட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம் செய்திருப்பார். பிறகு ஷெட்டில் நின்று தலையைச் சொறிந்தார். “அம்மா, இதைவிடச் சின்னதா ஒரு மந்திரம் இருக்கா? கோர்ட்டுக்கு நேரமாவுதுல்லா.”

பத்தமடை

வளைகாப்புக்கு முந்தின நாள் பகவதி தனியாக வந்தாள். என் எதிரே உட்கார்ந்து, உங்கள் மகளாக இருந்தால் இந்த வண்டியில் ஏற்றுவீர்களா அக்கா என்று கேட்டாள். நான் சாமி கும்பிடுகிறவள், பொய் சொல்ல முடியாது. மாட்டேன் என்றேன். ஷெட்டில் எங்கள் பழைய அம்பாசிடர் சும்மாதான் நின்றது. சுப்பையா ஓட்டி வருகிறேன் என்று வக்கீலய்யாவுக்குப் போன் பண்ணியும் சொன்னான். அவர், என் பிள்ளையை டாக்ஸியில் கூட்டி வர நான் என்ன நாதியத்தவனா என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஆழ்வார்குறிச்சியில் சடங்கு முடிந்து கிளம்பும்போது, அப்பா முகம் வாடுமே என்று கல்யாணியே முதலில் வண்டியில் ஏறிவிட்டாள். மகளைத் தனியே விட மாட்டாமல் பகவதியும் ஏறினாள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி எல்லாம் விசிலடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறார்கள். பத்தமடை கிட்டே வந்ததும் விசில் ஊளையாக மாறி, பின்னால் ஊரே தெரியாத அளவுக்கு நீலப் புகை கிளம்பி, வண்டி நின்றது. அப்பா பானெட்டைத் திறந்துகொண்டு நிற்க, ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி உச்சி வெயிலில் கோரைப்பாய்க் கடை ஓரம் நின்றிருக்கிறாள். பகவதி அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, மகளை ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

கல்யாணி உள்ளே வரும்போது கை நிறைய வளையல் குலுங்கியது, உதடு காய்ந்து வெளுத்திருந்தது. சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை அசையுதாம்மா என்று கேட்டேன். கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எனக்குக் காந்திமதி பேரைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. பிறகு, “அசையுது” என்றாள். நெற்றியில் திருநீறு பூசினேன். பூசின அவசரத்தில் அவள் கண்ணிலும் கொஞ்சம் விழுந்துவிட்டது.

சுப்பையா இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்போதுதான் பகவதி வாயைத் திறந்தாள். “கயித்த வக்கீலய்யாவுக்குக் கட்டி இழுத்துட்டு வா. வண்டி அங்கனயே கெடக்கட்டும்.”

அம்பாசிடரில் ஒரு பயணம்

நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளன்று வக்கீலய்யா எங்கள் ஷெட்டுக்கு நடந்தே வந்தார். கயிறு கட்டி இழுத்து வந்த சிவப்பு வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது; துபாயிலிருந்து வர வேண்டிய சாமான் வந்தபாடில்லை. அதன் பக்கம் திரும்பாமல், அம்பாசிடர் கிடைக்குமா, பைய ஓட்டினால் போதும் என்றார். என்னையும் கூப்பிட்டார்கள். கல்யாணியும் பகவதியும் நானும் பின்னால், குழந்தை என் மடியில், வக்கீலய்யா முன்னால் சுப்பையாவுக்குப் பக்கத்தில்.

தெரு முனை வரைதான் சும்மா இருந்தார். பிறகு, இந்த இடத்தில் டர்போவாக இருந்தால் மூன்றாவது கியரிலேயே எப்படிச் சீறும் என்று ஆரம்பித்தார். வீடு வரைக்கும் அவர் வாயில் அது சீறிக்கொண்டே வந்தது. அந்தச் சாமான் வந்து சக்கரத்தை மாற்றிவிட்டால் வண்டி புதுசு என்றார். பகவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மகன், சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆமா ஆமா என்று தலையாட்டினான். குழந்தை சிணுங்கியது. கல்யாணி முன் சீட்டில் கை வைத்து, அப்பா தோளைத் தொட்டாள். “அப்பா, பிள்ள தூங்கணும். டர்போவக் கொஞ்சம் நிறுத்துங்க.”

வண்டி நின்றுபோனதால் அதன் மேல் வைத்த பிரியமும் நின்றுபோன ஒரு ஆம்பிளையை இத்தனை வருஷத்தில் எங்கள் ஷெட்டில் நான் பார்த்ததில்லை, அம்மாமாரே, என் வயிற்றில் பிறந்தவன் உட்பட.