ஏழாம் மாதத்தில் கிடைத்த இன்ஷூரன்ஸ்

போன சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் இந்தியக் கடையில் புதிதாக ஒரு மெஷினைப் பார்த்தேன். ஸ்வீட் வாங்க வருகிறவர்கள் அதில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்கு வந்த நம்பர் ஐம்பத்து மூன்று. பலகையில் எரிந்துகொண்டிருந்தது முப்பத்தெட்டு. கால் கிலோ மைசூர்பாகுக்கு இவ்வளவு சம்பிரதாயமா என்று நினைத்தபடி ஓரமாக நின்றேன். கடை முழுக்க நெய் வாசம்தான். ஆனால் அந்தச் சீட்டை விரலில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்ததில் என் மூக்குக்கு வந்தது வேறு வாசம். மழையில் நனைந்த கோட்டுகள், குழந்தைப் பவுடர், தரை துடைக்கிற எலுமிச்சை லோஷன், யாரோ பைக்குள் வைத்திருக்கும் சூடான ரொட்டி. பக்கத்து ஊரான ஹேவர்டில் இருந்த கவுண்டி ஆபீஸின் வாசம்.

அமெரிக்காவில் கவுண்டி என்றால் நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலக் காலையில், ஏழு மாதக் கர்ப்பிணியாக நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் கேட்டு.

அப்போது நான் எம்.எஸ். மாணவி. கடைசி செமஸ்டர். கல்யாணமான மூன்றாம் மாதமே படிக்கக் கிளம்பி வந்தவள். ஒரு வருடம் கழித்து என் கணவர் எனக்குத் துணையாக, டிபெண்டன்ட் விசாவில் வந்து சேர்ந்தார். அந்த விசாவில் வந்தவர்கள் வேலை பார்க்கக் கூடாது. அவர் ஈரோட்டில் என்னவாக இருந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஜவுளிக்கடைக்காரர், லாரி முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார் என்று பாதி ஊருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவர், ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டின் எலெக்ட்ரிக் அடுப்பு முன்னால் நின்று எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். ரசம் நன்றாகவே வைப்பார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கைப்பக்குவம் வராது.

யூனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர்கள் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் வகுப்பில் சேரவே முடியாது. எனக்கும் ஒன்று இருந்தது. நாள் தள்ளிப்போய், மாணவர்களுக்கான கிளினிக்கில் நர்ஸம்மா சோதித்துப் பார்த்து, வாழ்த்துச் சொல்லி, ஒரு பாட்டில் வைட்டமின் மாத்திரையும் கொடுத்து, "இனிமே வெளியே ஒரு டாக்டரைப் பார்த்துக்கோ" என்று அனுப்பிய அன்று சாயங்காலம், என் கணவர் அந்த இன்ஷூரன்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். பொடி எழுத்தை விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு அவர் முகத்தில் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், தொழில் மரியாதை.

"நல்லா எழுதியிருக்கான். ஓட்டையே இல்ல. பிரசவம் மட்டும் இதுல சேராது" என்றார்.

"அப்ப என்னங்க பண்றது?"

"அதான் தெரியல."

டாக்டர்களின் ஆபீஸுக்குப் போன் செய்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "என்ன இன்ஷூரன்ஸ்?" என்று கேட்டார்கள். தனியாக வாங்கலாம் என்றால், ஏற்கெனவே உண்டான கர்ப்பத்துக்கு யாரும் பாலிசி தரவில்லை. வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர்தான், கர்ப்பிணிகள் என்றால் விசாவைப் பார்க்காமல் பிரசவச் செலவை மாநில அரசே ஏற்கிற திட்டம் ஒன்று இருக்கிறது என்றார். "போ என்றும் என்னால் சொல்ல முடியாது, போகாதே என்றும் சொல்ல மாட்டேன்" என்று கவுண்டி ஆபீஸ் போன் நம்பரை மஞ்சள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதம் இரண்டு மாதம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. காரணம் சரோஜா ஆன்ட்டி.

ஆன்ட்டி எங்களுக்குக் கீழ்வீடு. சென்னைக்காரர். அமெரிக்கா வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அங்கிள் இன்ஜினியர், மகன் பெயர் ராஜேஷ். அந்த அபார்ட்மென்ட் வளாகத்தில் எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் ஆன்ட்டி வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். எந்தக் கடையில் கறிவேப்பிலை வரும் என்பதிலிருந்து டிரைவிங் டெஸ்டில் எங்கே ஃபெயிலாக்குவார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். மஞ்சள் காகிதத்தைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம்மா. கவர்ன்மென்ட்கிட்ட கை நீட்டினா கம்ப்யூட்டர்ல ஏறிடும். நாளைக்கு க்ரீன் கார்டு அப்ளை பண்ணும்போது எடுத்துப் போட்டு நோன்னுடுவான். புள்ளையோட எதிர்காலத்தையும் பாரு."

நாங்கள் பயந்துவிட்டோம். என் கணவருக்குப் பயத்தோடு ரோஷமும் இருந்தது. ஊரில் யாரிடமும் ஒரு டீ கூடச் சும்மா வாங்கிக் குடிக்காத மனுஷன். நான் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பிரசவம் பார்க்கலாமா என்றும் பேசினோம். போனால் செமஸ்டர் போகும், விசா போகும், அவ்வளவு பாடுபட்ட படிப்பும் போகும். நாளைக்கு முடிவு பண்ணலாம், அடுத்த வாரம் பண்ணலாம் என்றே நாட்கள் ஓடின. நான் வைட்டமினை விழுங்கிக்கொண்டு தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதத்தில் என் செருப்பு காலில் ஏறவில்லை. தலை வலித்தது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறோமே, வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலை என் கணவர் தன்னுடைய செருப்பை என் காலுக்கு மாட்டிப் பார்த்தார். அது சரியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "க்ரீன் கார்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந்திரி, போலாம்" என்றார்.

எங்களிடம் கார் இல்லை. ஆன்ட்டியிடம்தான் போய் நின்றோம். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஹேவர்ட் போய்ச் சேர்ந்ததும், "நான் கார்லயே இருக்கேன். தெரிஞ்சவங்க யாராவது பாத்தா நல்லாருக்காது" என்றார். அவர் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கே யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இருந்தது.

உள்ளே போனால் உட்கார இடமில்லை. ஸ்பானிஷ், வியட்நாமீஸ், இன்னும் பெயர் தெரியாத நாலைந்து பாஷைகள். சீட்டைக் கிழித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். தலையில் முக்காடு போட்ட ஆப்கானியப் பெண் ஒருத்தி, மடியில் தூங்குகிற குழந்தையோடு, என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியைக் காட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்ட, அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தே விட்டாள். இரண்டு மணி நேரம் அவள் நின்றாள்.

எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தவர் பெயர் டொலோரஸ். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முதல் பக்கத்திலேயே தகராறு. என் பெயருக்குப் பின்னால் இருக்கிற சுப்பிரமணியம் யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். கணவர் பெயருக்குப் பின்னால் இருக்கிற ரங்கசாமி? அவருடைய அப்பா. இவர்கள் எல்லாம் உங்களோடுதான் குடியிருக்கிறார்களா? இல்லை, ஈரோட்டில். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஹனி, உன்னைச் சுத்தி இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க. ஒருத்தர்கிட்டயும் இன்ஷூரன்ஸ் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விசா பற்றிய கட்டம் வந்ததும் என் கணவர், வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த ஆங்கிலக் கேள்வியைக் கேட்டார். இதை வாங்கினால் இமிக்ரேஷனுக்குத் தெரிவிப்பீர்களா, பின்னால் எங்களுக்குக் கெடுதல் வருமா? டொலோரஸ் சிரிக்கவில்லை. படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி, கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் என்று அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "நான் இந்தப் பிரசவத்துக்காக மட்டும்தான் இங்கே உட்கார்ந்திருக்கேன். வேற யாருக்கும் நான் வேலை பார்க்கல" என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார். எனக்கு விரல் மடங்கவில்லை. பேனா நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. நிமிர்ந்தால், டொலோரஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தை.

தலைவலி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. கண் முன்னால் ஏதாவது மின்னுகிறதா?

"சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி. மூணு நாளா" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்றார் என் கணவர், தமிழில்.

டொலோரஸ் படிவத்தை மூடிவிட்டார். போனை எடுத்து யாரிடமோ இரண்டு நிமிடம் பேசினார். கெஞ்சுகிற மாதிரி இல்லை, உத்தரவு போடுகிற மாதிரி. ஒரு பச்சைத் தாளை டைப்ரைட்டரில் செருகி என் பெயரைத் தட்டி, முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். தற்காலிக இன்ஷூரன்ஸ். "மிச்சப் பக்கத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்கு இல்ல, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. கார் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்வதற்குள் பின்னால் சரோஜா ஆன்ட்டியின் குரல் கேட்டது. "ஐ ஹேவ் தி கார்." எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது. மழையில் நனைந்திருந்தார்.

ஃப்ரீவேயில் போகும்போது, ரோட்டைப் பார்த்தபடியே ஆன்ட்டி சொன்னார். "எனக்கு ராஜேஷுக்கு முன்னாடி ஒண்ணு. எட்டாம் மாசம். இதே மாதிரிதான் கால் வீங்குச்சு. அங்கிள் அப்ப ஸ்டூடன்ட். ஆஸ்பத்திரிக்குப் போயி உதவி கேட்டா விசா கேன்சலாகும்னு சொன்னாங்க. நம்பிட்டோம்." வைப்பர் இரண்டு மூன்று தடவை போய்வந்தது. "எனக்கு யாரோ சொன்னதைத்தானே உனக்கும் சொன்னேன்" என்றார். நான் பின்சீட்டிலிருந்து அவர் தோளில் கையை வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எனக்கு வலிப்பு வந்திருக்கும், இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். மருந்து ஏற்றிப் படுக்கையிலேயே வைத்திருந்து, ஒன்பதாம் நாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். என் கணவரின் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால்கள் அவர் முழங்கையைத் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் இருந்தாள். என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் அந்தப் பச்சைத் தாளும் சேர்ந்தே தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு யாரும் எங்களை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என் தலையணையை நர்ஸ் ஒருத்தி இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

வீடு வந்தபின் தபாலில் ஒரு கார்டு வந்தது. இங்கே பிறந்ததால் குழந்தைக்கு முழு இன்ஷூரன்ஸ். நாங்கள் இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. ஆகவே கார்டில் இருந்தது 'பேபி கேர்ள் சுப்பிரமணியம்'. ஈரோட்டை விட்டு வெளியே வராத என் அப்பா, அமெரிக்க அரசாங்கப் பதிவில் ஒரு பெண் குழந்தையாக ஏறிவிட்டார். என் கணவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சின்ன பாலிசிதாரரைப் பாத்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

மூன்று மாதம் ஆனதும் டொலோரஸிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு டப்பா லட்டும் கொண்டுபோனோம். பரிசு எதுவும் வாங்கக் கூடாது என்பது சட்டம் என்று டப்பாவைத் திருப்பித் தள்ளிவிட்டார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "இதை வாங்கிக்கலாம்" என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து மேஜைக்காரர் சத்தம் போடும் வரை கொடுக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது, கம்பெனி இன்ஷூரன்ஸ் வந்தது, கார்டைத் திருப்பி அனுப்பினோம். சில வருடம் கழித்து க்ரீன் கார்டு இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்தே விட்டது. அரசாங்க உதவி எப்போதாவது வாங்கியதுண்டா? "உண்டு" என்றார் என் கணவர். அதிகாரி நிமிர்ந்து, எதற்கு என்றார். என் மடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மகள், வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட கதையாயிற்றே, முந்திக்கொண்டு, "ஃபார் மீ! ஐ வாஸ் வெரி ஸ்மால்" என்றாள். கையை விரித்து அளவும் காட்டினாள். அதிகாரி அந்த அளவைக் கொஞ்சநேரம் பார்த்தார். "வெல், இட் வொர்க்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

டொலோரஸ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கடைசிப் பெயர் என்னவென்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சரோஜா ஆன்ட்டி மகனோடு டெக்ஸாஸில் காப்பெலுக்குக் குடிபோய், அங்கேயே காலமானார். விண்ணப்பம் எல்லாம் இப்போது போனிலேயே போடலாமாம்.

மைசூர்பாகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் ஹேவர்டுக்குக் காரை விட்டேன். கட்டடம் இருக்கிறது. அந்த நீளமான ஹாலைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கிக் கணக்கு டியூஷன் நடத்துகிறார்கள். கண்ணாடிக் கதவுக்குள்ளே பாதிப்பேர் நம்ம பிள்ளைகள். குனிந்து பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். காத்திருந்த பெற்றோர்களில் ஓர் இளைஞர், சட்டைப் பையில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"உக்காருங்க ஆன்ட்டி. பேரப்பிள்ளை இங்க படிக்குதா?"

"இல்லப்பா. முன்னாடி இங்க ஒரு ஆபீஸ் இருந்துச்சு" என்றேன்.

"அப்படியா, என்ன ஆபீஸ்?"

சொல்ல ஆரம்பித்தேன். அவருடைய மகன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "டாட், கேன் வீ கோ?" என்றான். அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கொடுத்த நாற்காலியில் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.