கொழுந்தின் மேல் கவிழ்த்த மணி

கணினியில் புள்ளிகளுக்கு வளையி, அதாவது வளைகோடு, பொருத்திக் கொடுப்பது அளவெடுக்காமல் சட்டை தைக்கிற தொழில். பேராதனையில், கலஹா பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், தட்டச்சும் பைண்டிங்கும் செய்கிற கடை என்னுடையது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளைகள் அளந்ததையெல்லாம் பென்டிரைவில் கொண்டுவந்து, ஒரு வளையி போட்டுத் தரச் சொல்வார்கள். அளவுகள் நடுவில் குவிந்து இரு பக்கமும் குறைந்துபோனால், கோடு மணி மாதிரி வரும். நானோ உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மென்பொருளில் ஒரு பொத்தான். புரியாத வேலையைப் புரிந்த முகத்தோடு செய்து பிழைப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும்.

பதினேழு மணி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரசாயனம் படித்த ஒருவர், கோடு புள்ளிகளைத் தொடாமல் போகிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் நோண்டிப் பார்த்தேன். ஒரு மணிக்குப் பதில் இரண்டு மணி போட்டால் கோடு கொஞ்சம் கிட்டப் போனது. மூன்று போட்டால் இன்னும் கிட்ட. விடுவேனா? பதினேழு போட்டேன். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன்.

மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: "அண்ணை, எல்லாம் வடிவாப் பொருந்தீட்டுது. ஆனா கரைசலுக்கை பதினேழு சாமான் கிடக்கெண்டெல்லோ இது சொல்லுது. நான் போட்டது ஒண்டுதான்."

பள்ளத்தில் ஒரு உச்சி

அடுத்து வந்தவள் செல்வராணி. கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். தன் தோட்டத்திலேயே, ஒரே மலையில் எடுத்த கொழுந்துகளின் நீளத்தை மாதக்கணக்காக அளந்திருந்தாள். சில நாள் தானே மலைக்குப் போய் அளப்பாள். வகுப்பு இருந்தால், கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து ஒரு பை அனுப்பச் சொல்லி அளப்பாள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். கைக்கு வந்திருந்த விரிவுரையாளர் வேலையும் போய்விடும். ஒரே மலைக் கொழுந்தென்றால் ஒரு மணிதான் வரும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

திரையிலோ இரண்டு மேடு, நடுவில் பள்ளம். பொத்தானை அமுக்கினேன். கணினி ஒரே மணியை எடுத்து இரண்டின் மேலும் கவிழ்த்தது. உச்சி சரியாகப் பள்ளத்துக்கு மேலே நின்றது. பிழை கொழுந்திலா, பொத்தானிலா, என்னிலா என்று எனக்கு விளங்கவேயில்லை. தலை சுற்றிப்போய், ஒரு மேட்டை அழித்துவிடலாமே என்று யோசனை வேறு சொன்னேன். சொன்னது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"எதண்ணே அழிக்கச் சொல்றீங்க? ரெண்டும் எங்க ஆளுக எடுத்த கொழுந்துதானே."

கிளினிக்குக்கு வந்த அம்மா

வியாழக்கிழமை அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு, மகளோடு ஒரே பஸ்ஸில் போகலாம் என்று கடைக்கு வந்தார். உட்காரக் கதிரை கொடுத்தேன். மகள் அழாத குறையாகத் திரையைக் காட்டி, இந்தப் பக்கம் குட்டைக் கொழுந்து, அந்தப் பக்கம் நீளக் கொழுந்து என்று விளக்கினாள். அம்மா ஒன்றுதான் கேட்டார்: குட்டையெல்லாம் எந்தெந்த நாளில் எடுத்தது?

செல்வராணி தேதி எழுதின தன் கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் மலைக்குப் போன நாட்களை நான் சிவப்பாக்கினேன். குட்டை மேடு முழுக்கச் சிவந்தது. நீள மேட்டில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வராணிக்குக் கோபம் வந்தது. இத்தனை மாத வேலையும் பாழ் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ வந்து நெரையில நிக்கிற அன்னைக்கு, நாங்க எல்லாருமே பாத்துப் பாத்துத்தான் எடுத்தோம். எங்க புள்ள படிப்புக்கு முத்தின எலயப் போட மனசு வருமா? மத்த நாளு நெறைக்குத்தானே சம்பளம்னு நீளமாக் கிள்ளுவோம். நல்ல கொழுந்து ஒனக்கு, பாரக் கொழுந்து தராசுக்கு."

இரண்டு பெயர்

அவள் கொப்பியை மூடினாள். பிறகு இரண்டு மணி போடச் சொன்னாள். ஒன்றுக்கு 'நான் நின்ற நாள்', மற்றதற்கு 'நான் நிற்காத நாள்' என்று பெயர் எழுதச் சொன்னாள். இரண்டும் சொன்ன இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. எனக்கே கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை கொடுத்தாள், வேலையும் கிடைத்தது. இனிப்போடு வந்து, பேராசிரியர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "இத்தனை வருஷம் நானும் மலைக்குப் போய்த்தானே அளந்தேன், அப்ப நான் அளந்தது எதை?"

அன்றிலிருந்து யார் புள்ளிகளோடு வந்தாலும், அளந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேர் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.