கணக்கு டீச்சர் உதட்டுக்குள் சொன்னது

என் அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். அவள் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். போன வருடம் தொண்டையில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது.

தலைமையாசிரியர் நல்லவர்தான், நோகாமல் கழற்றிவிடத் தெரிந்த நல்லவர். "ஒரு மாசம் நடத்திப் பாருங்க டீச்சர். முடியலன்னா லைப்ரரியைப் பாத்துக்குங்க" என்றார். லைப்ரரி என்பது பூட்டிக் கிடக்கும் இரண்டு பீரோ. அக்காவுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது.

நான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். ஓர் ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி குரல் போனவர்களுக்கான ஒரு சாதனத்தை வாங்கி வந்தேன். தாடைக்கு அடியிலும் கன்னத்திலும் பொட்டளவில் ஆறு சென்சார் ஒட்ட வேண்டும். சத்தமில்லாமல் வாயசைத்தால் போதும், தசை அசைவதை வைத்து வார்த்தையைக் கண்டுபிடித்து மேசை மேலிருக்கும் ஸ்பீக்கர் பேசும். மூன்று வாரம் சமையலறையில் உட்கார்ந்து அதைப் பழக்கினோம். "இவ்ளோ வாயைத் திறந்தா பசங்க சிரிப்பாங்கடா. கொஞ்சம் கூட்டி வை" என்று எழுதிக் காட்டினாள். நானும் பெரிய மேதாவி மாதிரி, உதடு லேசாகத் துடித்தாலே பிடிக்கும்படி கூட்டி வைத்தேன்.

முதல் நாள் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாம் போன வருடமும் அவளிடம் படித்த பிள்ளைகள். ஸ்பீக்கர் பேசியதும் வாயைப் பிளந்தார்கள், பத்து நிமிடத்தில் பழகியும் போனார்கள். இதுவரை கரும்பலகைப் பக்கமே வராத ஒரு பெண் தானாக எழுந்து வந்தாள். பின்னக் கணக்கு. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி எழுதினாள். அக்கா சிரித்த முகமாகத்தான் நின்றாள், உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"மரமண்டை" என்றது ஸ்பீக்கர்.

நான் எழுந்து ஓடினேன். "மெஷின் கோளாறும்மா, இதோ சரி பண்றேன்" என்று பச்சையாகப் பொய் சொன்னேன்.

"இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. "டீச்சர் எப்பவும் சொல்றதுதான். சத்தம் வராது, உதடு அசையும். எங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் நான் போர்டுக்கு வர்றதில்ல. இப்ப மெஷின்தானே பேசுது, அது சொல்லாதுன்னு நெனச்சேன்."

அக்காவின் முகம் காது மடல்வரை சிவந்தது. இருபத்திரண்டு வருடம் எத்தனை பிள்ளைகள் அதைப் படித்திருப்பார்கள் என்று அவள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேசையில் வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, சத்தமே இல்லாமல், நிதானமாக வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டாள். கடைசி பெஞ்சு வரை எல்லோரும் படித்தார்கள்.

"சரி டீச்சர்" என்று அவள் டஸ்டரை எடுத்துத் தப்பை அழித்தாள்.

மாலையில் நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என் தோளைத் தொட்டாள். சின்ன வயதில் எனக்கும் அவள்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தாள்.

"உனக்குமாடா?" என்று உதடு கேட்டது.

அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த உதட்டைப் படிக்கத் தெரியாதவன் மாதிரி, சுற்றிய ஒயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.