ஈஸ்டர் முடிந்தும் முடியாத ஒருசந்தி

இன்று சாயங்காலம் ஒருவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடப் போனேன். வர மாட்டேன் என்றுவிட்டார்.

மனசே சரியில்லை. அதனால்தான் இங்கே வந்து கொட்டுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் நான். (பட்டன் பார்த்துப் பார்த்துப் பழகி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையைக்கூட விடுவதில்லை!)

கம்பெனியில் ஒரு பிரச்சினை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஆட்கள் மிஷினுக்கு வருவதில்லை.

மீட்டிங் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்!

"சார், கை கழுவ, டப்பா கழுவ ஒத்தக் குழாய்தான். அம்புட்டுப் பேரும் அதுலதான் நிக்கணும். இன்னும் ரெண்டு குழாய் போட்டாச் சரியாப் போகும்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "குழாய்க்கு ஓனர்கிட்டப் போய் நிக்கணும்மா. நீங்க கூடி உக்காந்து கதை பேசுறதுதான் லேட்டு. மூணு பேட்ச்சாப் பிரிச்சிருவோம். பைசா செலவில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். (அதற்குள் வடையும் டீயும் வந்துவிட்டது!)

பேட்ச் பிரித்தார்கள். லேட் நின்றது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

ஆனால் நாங்கள் கூடி உட்கார்ந்தது கதை பேச மட்டும் இல்லை.

நடுவில் ஒரு பெரிய தட்டு இருக்கும். அவரவர் கொண்டுவந்த வெஞ்சனத்தை அதில் கொட்டிவிடுவோம். பொரியல், கருவாடு, முட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சோறு மட்டும் அவரவர் டப்பாவில். யார் என்ன கொண்டு வந்தார், யார் கொண்டு வரவில்லை என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அயர்னிங் செக்‌ஷன் அருள்மேரி அக்காவும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார். வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. அக்கா தினமும் வெறும் சோறு மட்டும்தான் கொண்டு வந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

புது பேட்ச்சில் அக்காவோடு இருந்தவர்கள் ஆம்பளைகள். தட்டெல்லாம் கிடையாது. அவரவர் டப்பா அவரவர் முன்னால். வெறும் சோற்றை எப்படித் திறப்பார்? டப்பா கொண்டுவருவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் வழியில் பார்த்து, "சாப்ட்டீங்களாக்கா?" என்றேன்.

"தவக்காலம்ல தாயி. ஒருசந்தி இருக்கேன்."

வேதக்காரர்கள் ஈஸ்டருக்கு முன்னால் விரதம் இருப்பார்கள் என்று தெரியும். எப்போது முடியும் என்பது தெரியாது. நானும் நம்பினேன், அந்த பேட்ச் ஆட்களும் நம்பினார்கள்.

போன வாரம், துணி தேய்த்துக்கொண்டிருந்தபடியே அக்கா மயங்கி விழுந்தார்! நல்ல வேளை, கையில் சின்னச் சூட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கடைசியா எப்பம்மா சாப்ட்ட?" என்று கேட்டார்.

"ஒருசந்தி இருக்காங்க சிஸ்டர்" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

நர்ஸ் கழுத்தில் சிலுவை. "ஈஸ்டர் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு! இன்னும் என்ன ஒருசந்தி?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. அழுதுவிட்டேன். அதற்கப்புறம் அக்கா வேலைக்கே வரவில்லை.

கூட வந்தவர்கள் மூலம் விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியது. ஓனர் காதுக்கும் போனது. இன்று காலையில் குழாய் போட்டாகிவிட்டது! பேட்ச் ரத்து. மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறி அக்கா வீடு இருக்கிற அகரம் போனேன்.

"அக்கா, பேட்ச்செல்லாம் எடுத்துட்டாங்க. நாளைக்கு வாங்க. பழையபடி சேந்து சாப்பிடலாம்."

அக்கா பாயை விரித்து என்னை உட்கார வைத்தார்.

"அப்ப எது யாரு வெஞ்சனம்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தின்னேன். இனிமே ஆளாளுக்கு எனக்குன்னு ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொண்டாருவீங்க. அது எனக்குத் தொண்டையில எறங்காது தாயி. நீ போயிட்டு வா."

திரும்ப பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அக்கா ஒருவர்தான். நாளைக்கு மறுபடியும் போகப் போகிறேன்.

பாவம் பார்க்கிற மாதிரி இல்லாமல் ஒருவரை எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.